சூடு காட்டின கார்

தளவாய்க்குக் காலையில் காப்பி இல்லாமல்கூட நடக்கும், காருக்குச் சூடு காட்டாமல் நடக்காது. பல் விளக்கின கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போவார். வெறும் மேலோடு வண்டியில் ஏறக் கூடாதாம், அது டிப்பார்ட்மென்ட் ஒழுங்காம். உறையை உருவி, மடித்து, சுவரோரம் வைப்பார். உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் என்ஜின் எடுக்கும். அஞ்சு நிமிசம் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பார், எதிரே எஸ்.பி. நிற்கிற மாதிரி. பிறகு அணைத்து, உறையைப் போட்டு, நாலு மூலையையும் இழுத்துக் கட்டிவிட்டு வந்து, "காப்பி எங்கட்டி?" என்பார்.

போலீஸில் டிரைவராகவே இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆயுதப்படை மைதானத்தில் விடியற்காலையில் ஜீப்பு, லாரி எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்திச் சூடு காட்டுவார்கள். அப்படிச் சூடு காட்டின வண்டி எந்தக் கலவரத்துக்கும் எந்தப் பந்தோபஸ்துக்கும் கூப்பிட்ட குரலுக்குக் கிளம்பும். அவர் ஓட்டின ஜீப் ஒரு நாளும் நடுவழியில் நின்றது கிடையாது. அதில் பொய்யே இல்லை. அந்தக் காலத்து ஜீப்புக்கு அதுதான் சரி.

ஆனால் ஷெட்டில் நின்றது ஜீப் இல்லையே. மகன் சுபாஷ் பட்டாளத்தில் இருக்கிறான். போன வருசம் லீவில் வந்தபோது வாங்கி நிறுத்தின புது மாடல் கார். சாவியைத் திருகுகிற வேலை கிடையாது, கியரை மாற்றுகிற வேலை கிடையாது, எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். இலஞ்சியில் அந்தத் தெருவில் அப்படி ஒரு கார் வேறு யார் வீட்டிலும் இல்லை. அதைத் தளவாய் வாயால் சொல்ல மாட்டார். உறையை உருவுகிற மிடுக்கிலேயே தெரியும்.

கார் வாங்கினது ஊர் சுற்ற இல்லை. சுபாஷின் பெண்டாட்டி சங்கரேஸ்வரிக்கு ரெண்டு தடவை கரு தங்கி ரெண்டு தடவையும் தவறிப்போனது. மூணாவது நின்றது. தென்காசி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வேற எதையும் பாக்காதீங்க, உடனே கூட்டிட்டு வந்துருங்க." சுபாஷ் திரும்பிப் போகும்போது அம்மா ஆனந்தவள்ளியிடம், "எம்மா, நான் இங்கன இல்லாட்டாலும் வண்டி நிக்கும்லா, பயப்படாதிய" என்றான். அந்தப் பிள்ளைக்காகத்தான் அந்தக் கார் நின்றது. அதைச் சொன்னால்தான் தளவாய் காலையில் அதற்குச் செய்த பணிவிடை என்ன என்று விளங்கும். மனுசன் பிரியத்தோடுதான் செய்தார்.

ஆனந்தவள்ளிக்குச் சங்கரேஸ்வரி வெறும் மருமகள் இல்லை, அண்ணன் மகள். நடக்கப் பழகினதே இவள் இடுப்பிலிருந்து இறங்கித்தான். மாசம் ஏற ஏற ஆனந்தவள்ளி அவளைக் குனிந்து ஒரு செம்பு எடுக்க விடவில்லை. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து, தின்று முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். வளைகாப்பை விமரிசையாகச் செய்யவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

சித்திரை வெயிலில் ஒரு காலை, தளவாய் பொத்தானை அமுக்கினார். கார் 'டிக்டிக்' என்று நாலு தடவை சொல்லிவிட்டுச் செத்துப்போனது. எதிரே இருந்த திரையில் என்னென்னவோ விளக்கு எரிந்து அணைந்தது.

குத்துக்கல்வலசையில் பேட்டரிக் கடை வைத்திருக்கிற கடற்கரை என்கிறவனுக்கு ஆள் போனது. நாற்பது வயசுக்காரன், வாயில் எப்போதும் பாக்கு. பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"அண்ணாச்சி, வண்டிய எவ்வளவு ஓட்டுதிய?"

"ஓட்டுததா? ஆஸ்பத்திரிக்கு மாசம் ஒருக்கப் போவும். மத்தபடி தெனம் காலையில சூடு காட்டுதேன். ஒரு நாள் தவறுனதில்ல."

"எம்புட்டு நேரம்?"

"அஞ்சு நிமிசம்."

கடற்கரை பாக்கை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தான். "அதான் அண்ணாச்சி கெடுத்துருக்கு."

"என்னலே சொல்லுத?"

"கோவப்படாதிய. பழைய வண்டின்னா என்ஜின் ஓடுனாப் போதும், சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கும். இது அப்பிடி இல்ல. எப்ப ஏத்தணும், எம்புட்டு ஏத்தணும்னு வண்டியே தீர்மானம் பண்ணுது. அன்னா, மைனஸ் மேல குட்டியா ஒண்ணு மாட்டிருக்கு பாருங்க, அது பேட்டரிய வேவு பாத்துக்கிட்டே இருக்கும். நிக்க வச்சு அஞ்சு நிமிசம் ஓட்டுனா, ஸ்டார்ட் பண்ண எடுத்ததயே அது திருப்பிப் போட்டுருக்காது. தெனம் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிருக்கு. நல்லா ரோட்டுல ஓடணும் அண்ணாச்சி. ஒரு கடையநல்லூரு, ஒரு ஆய்க்குடின்னு போய்ட்டு வந்தாத்தான் ஏறும்."

"முப்பது வருசம் வண்டி ஓட்டுனவன்ட்ட வந்து நீ சூடு காட்டக் கூடாதுங்கியா?"

"நான் சொல்லலியே. கம்பெனிக்காரன் சொல்லுதான்."

"கம்பெனிக்காரன் எஸ்.பி. வண்டி ஓட்டிருக்கானா? சரி, விடு. பேட்டரிய மாத்து."

கடற்கரை தலையைச் சொறிந்தான். "அதுலயும் ஒரு காரியம் இருக்கு. இதுக்குள்ளது வேற தினுசு. ஏஜிஎம்னு சொல்லுவாவ. எங்கிட்ட இருப்பு இல்ல, சொல்லி வரவழைக்கணும். அப்பொறம் மாட்டுனா மட்டும் போதாது. பழசு போயிட்டு, புதுசு வந்துருக்குன்னு வண்டிக்குச் சொல்லணும். அதுக்கு ஒரு மிஷினு இருக்கு, திருநெல்வேலிலருந்து ஆள் வரணும்."

"வண்டிக்குச் சொல்லணுமா? எப்பிடி, காதுல போயிச் சொல்லணுமா? பூ, பழம் எதுவும் வைக்கணுமா?"

வாசலில் நின்ற சங்கரேஸ்வரி சிரித்துவிட்டாள். ஆனந்தவள்ளிக்கும் சிரிப்பு வந்தது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று யாருக்குத் தெரியும்.

"சொல்லலன்னா பழைய பேட்டரின்னே நெனச்சுச் சார்ஜ் ஏத்தும் அண்ணாச்சி. புதுசும் வெரசாப் போயிரும்."

"எத்தன நாள் ஆவும்?"

"ரெண்டு மூணு நாள்."

"ரெண்டு மூணு நாளா?" தளவாய் குரல் ஏறியது. "வண்டி ஒரு நாளு படுக்கக் கூடாதுடே. உள்ள ஒருத்தி வயித்துல புள்ளயோட இருக்கா. அவளுக்காவத்தான் இந்த வண்டி நிக்குன்னு ஒனக்குத் தெரியுமா? இன்னைக்கே ஒண்ணு, கெடச்சத மாட்டு."

"அது இதுக்கு ஒத்துக்கிடாது..."

"பேட்டரின்னா பேட்டரிதான். பன்னெண்டு வோல்ட்டுதான அதுவும்? மாட்டுலே."

போலீஸ்காரரோடு எவன் மல்லுக்கு நிற்பான்? அதுவும் கடைக்காரன். கடற்கரைக்கும் அந்த விசயம் முழுசாகத் தெரியாது, பாதி கேள்விப்பட்டதுதான். போய் அதே அளவில் ஒரு சாதாரணப் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினான். கார் ஒரே எடுப்பில் எடுத்தது. தளவாய் அவனை ஒரு பார்வை பார்த்தார். கடற்கரை சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஆனந்தவள்ளியிடம் தணிந்து சொன்னான்: "மதினி, இப்போதைக்கு ஓடும். அண்ணாச்சிட்ட சொல்லி வாரத்துல ரெண்டு தரம் வெளிய எடுக்கச் சொல்லுங்க. அந்தச் சூடு காட்டுதத மட்டும் நிப்பாட்டுங்க."

"சொல்லுதேன்" என்றாள்.

சொல்லவும் செய்தாள். ஒரே ஒரு தடவை. சாரல் கட்டி, குத்தாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. ஐந்தருவிப் பக்கம் ரம்புட்டான் கடைகள் முளைத்து, ரோடு பூராவும் வேனும் பஸ்ஸுமாக இருந்தது.

"இங்கருங்க, வண்டிய ஆய்க்குடி வரைக்கும் ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்களேன். அந்தக் கடற்கரை சொன்னாம்லா."

"சீசன் கூட்டத்துல எவனாவது கோட்டிக்காரன் கொண்டாந்து உரசவா? வண்டில ஒரு கீறல் விழுந்தா ஒம் மவனுக்கு நீ பதில் சொல்லுவியா?"

அவ்வளவுதான். அவள் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணம் ஆன புதிதிலேயே அவரிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று கண்டுகொண்டவள் அவள். அவர் அடித்தது கிடையாது, குடித்தது கிடையாது. சொல்கிறதைக் காதில் வாங்க மாட்டார், அது ஒன்றுதான். வாங்காத ஆளிடம் சொல்வதை விட்டுவிட்டாள். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. ஆனாலும் காலையில் அடுப்படியில் நிற்கும்போது காது ஷெட்டுப் பக்கமே போகும். என்ஜின் எடுக்கிற சத்தம் முதலில் கணீரென்று இருந்தது, பிறகு ஒரு இழுப்பு, பிறகு ரெண்டு இழுப்பு. அவளுக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டதோ என்னவோ, சூடு காட்டுகிறதை மட்டும் நிறுத்தவில்லை.

ஆடி பிறந்த முதல் ஞாயிறு. விடிந்தும் வெளிச்சம் இல்லை, சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. தளவாய் அன்றைக்குச் சூடு காட்டவில்லை. மூத்த அக்காள் வீட்டுச் சாவு ஒன்றுக்கு முந்தின நாள் பாவூர்சத்திரம் பஸ்ஸில் போய் நனைந்து வந்தவர், தடுமல் என்று படுத்திருந்தார். ஆனந்தவள்ளி தோசைக்கல்லைப் போட்டு ரெண்டு தோசை எடுத்திருப்பாள்.

"அத்த..." என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கத்தின குரல் இல்லை. கத்தப் பயந்த குரல்.

போய்ப் பார்த்தாள். சங்கரேஸ்வரி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நைட்டியின் கீழ்ப்பக்கம் சிவந்திருந்தது. தரையிலும் கிடந்தது.

"வலிக்காட்டி?"

"வயிறு கல்லு மாரி இருக்கு அத்த. விட்டு விட்டு இல்ல, ஒரே பிடியாப் பிடிக்கி."

"ஒண்ணும் இல்ல தாயி, ஒண்ணும் இல்ல. இந்தா போவோம். வண்டி இருக்குல்லா." அப்படித்தான் சொன்னாள். அவளே சொன்னாள்.

தளவாய் எழுந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். சட்டைகூட மாட்டவில்லை. முதல் தடவையாக வெறும் மேலோடு ஷெட்டுக்கு ஓடினார். உறையை மடிக்கவில்லை, இழுத்துத் தரையில் போட்டார். பொத்தானை அமுக்கினார்.

டிக். டிக். டிக்.

மறுபடி அமுக்கினார். திரை மங்கலாக எரிந்து அணைந்தது. அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை.

"ஏட்டி, மாரிராஜக் கூப்புடு! தள்ளு ஸ்டார்ட் எடுத்துருவோம்!"

மாரிராஜ் தளவாயின் தம்பி மகன். பக்கத்து வயலில் நடவுக்காக டிராக்டரில் தொளியடித்துக்கொண்டிருந்தவன் முழங்கால் வரை சேற்றோடு ஓடிவந்தான். பின்னால் கைவைத்துத் தள்ளினான். கார் ஒரு அங்குலம் அசையவில்லை.

"பெரியப்பா, கியரு லாக்கா நிக்கி. நியூட்ரல் போடுங்க."

"போட்டா விழ மாட்டேங்கு. சவம், கரண்டு இருந்தாத்தான் விழும் போலுக்கு."

"அப்பொ இதத் தள்ளவும் முடியாது. ஆட்டோமேட்டிக்கு. தள்ளுனாலும் எடுக்காது."

ஆனந்தவள்ளி சங்கரேஸ்வரியை நடையில் நாற்காலியில் உட்கார்த்தி, பழைய சேலையை நாலாக மடித்துக் கொடுத்திருந்தாள். சேலை நனைந்துகொண்டிருந்தது. "இங்கருங்க, நூத்தியெட்டுக்குச் சொல்லுவமா?" என்றாள்.

"சீசன்ல அவன் பழைய குத்தாலத்துல கெடப்பான். வந்து சேருததுக்குள்ள நான் போய்ட்டு வந்துருவேன். மாரிராஜ், ஒன் டிராக்டர் பேட்டரியக் கழட்டிக் கொண்டா. வயரு எங்கிட்ட இருக்கு. ஒரு தட்டு தட்டுனா எடுத்துரும்."

"பெரியப்பா, அது தொளிக்குள்ள நிக்கி..."

"ஓடுலே!"

மாரிராஜ் ஓடினான். அப்போதுதான் அந்த ஆட்டோ வந்தது.

கோயில் முக்கில் ஆட்டோ போடுகிற குத்தாலிங்கம், ஐந்தருவிக்கு ஆள் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். வாசலில் ஆள் நிற்கிற நிலையைப் பார்த்து நிறுத்திவிட்டான். இறங்கி வந்து நடையை எட்டிப் பார்த்தவன் முகம் மாறிப்போனது.

"அண்ணாச்சி, தங்கச்சிய ஏத்துங்க. பத்து நிமிசத்துல தென்காசி போயிருவேன்."

தளவாய் பானெட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார். அந்த ஒரு கணத்தில் அவர் என்ன நினைத்தார் என்று எவன் கண்டான். மகன் வாங்கி நிறுத்தின கார், அது வேலை செய்ய வேண்டிய நாள், தெருவே பார்க்கிறது. "வேண்டாம்டே" என்றார். "வீட்டு வாசல்ல காரு நிக்க, ஆட்டோவுல குலுக்கிக்கிட்டுப் போவவா? குலுங்குனா இன்னும் ஆவாது. இந்தா, இப்ப எடுத்துரும். நீ போ, ஒனக்குச் சவாரி கெடக்கும்."

"இல்ல அண்ணாச்சி, பையத்தான் போவேன்..."

"போலேன்னா!"

குத்தாலிங்கம் ஆனந்தவள்ளியைப் பார்த்தான். நன்றாக நிமிர்ந்து அவள் முகத்தைத்தான் பார்த்தான். சங்கரேஸ்வரியும் பார்த்தாள். ரெண்டு பேரும் அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தார்கள். ஏத்துடே என்ற அந்தச் சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. கையால் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அவர் என்ன, வெட்டியா போட்டிருப்பார்? அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள், பழக்கம் அப்படி. பிறகு குனிந்து, நனைந்த சேலையை எடுத்துவிட்டு வேறு சேலையை மடித்தாள்.

ஆட்டோ போகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

மாரிராஜ் வர நேரமாயிற்று. டிராக்டர் கூண்டுச் சக்கரத்தோடு தொளியின் நடுவில் நின்றது. நட்டு துருப்பிடித்துக் கழல மாட்டேன் என்றது. அவன் பேட்டரியைப் பைக்கில் மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்ந்தபோது சங்கரேஸ்வரி பேச்சை நிறுத்தியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. "அத்த, புள்ள அசையலியே" என்று ஒரு தடவை சொன்னாள். "தூங்கும் தாயி" என்றாள் ஆனந்தவள்ளி. அதைச் சொன்ன வாயை என்ன செய்வது.

தளவாய் வயரை மாட்டினார். பொத்தானை அமுக்கினார். கார் உறுமிக்கொண்டு எடுத்தது.

"பாத்தியா!" என்று கத்தினார். "பாத்தியாட்டி! நான் சொன்னேம்லா!"

முகமெல்லாம் சிரிப்பு. அத்தனை ரத்தத்துக்கு நடுவில் அந்தச் சிரிப்பைப் பார்க்கும்படி ஆயிற்று. ஆனந்தவள்ளிக்கு அவரை முதல் தடவையாக வெறுத்தது.

ஒன்று சொல்ல வேண்டும், அவர் ஓட்டினது அருமையாக ஓட்டினார். ஒரு குலுங்கல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமெல்லாம் தென்காசியிலிருந்து குத்தாலத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வேனில் ஜன்னல் ஜன்னலாகத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பாடிக்கொண்டு வந்தார்கள். இவர்கள் போகிற பக்கம் ரோடு காலியாகக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தளவாய்க்கு அங்கே இருந்த கம்பவுண்டர் ஒரு சட்டை கொடுத்தார். அது அவருக்குச் சின்னது, பொத்தான் போட முடியவில்லை. ரெண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மா வெளியே வந்து மாஸ்க்கை இறக்கினாள். "நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிஞ்சிருச்சு. தாய்க்கு ஆபத்து இல்ல, ரத்தம் ஏத்திட்டிருக்கோம். பிள்ளைய எடுக்கும்போதே துடிப்பு இல்ல." நிறுத்தினாள். "எப்பம்மா ரத்தம் பட்டுச்சு?"

"தோச ஊத்திக்கிட்டிருந்தேன்" என்றாள் ஆனந்தவள்ளி.

டாக்டரம்மா சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

நர்ஸ் ஒரு வெள்ளைத் துணியில் பொதிந்து கொண்டுவந்து காட்டினாள். பெண் பிள்ளை. தலை நிறைய முடி. மூக்கு சங்கரேஸ்வரி மூக்கு. ஆனந்தவள்ளி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சூடு இன்னும் இருந்தது. "எந் தாயி, எந் தாயி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். தளவாய் ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு குலுங்கியது. அழுகிற மனுசன் பொய்யாக அழவில்லை.

மத்தியானம் சங்கரேஸ்வரியை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்திருந்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. வார்டுக்கு வெளியே நடையில் நிற்கும்போது தளவாயின் போன் அடித்தது. சுபாஷ். மாரிராஜ் அவனுக்குத் தகவல் அனுப்பியிருந்தான், சிக்னல் கிடைத்ததும் கூப்பிடுகிறான். கதவு திறந்தே கிடந்தது.

"ஆமாய்யா" என்றார் தளவாய். "போயிட்டுய்யா. பொம்பளப் புள்ள... அவ நல்லா இருக்கா, அவளுக்கு ஒண்ணும் இல்ல..."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டான்.

"வண்டியா?" தளவாய் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "வண்டி ஒத்த எடுப்புல எடுத்துட்டுய்யா. வண்டில ஒரு கொறையும் இல்ல. ரோட்டுலதான்... சீசன் கூட்டம்லா, ஞாயித்துக்கெழம வேற. ஒரே ஜாமு. ஒதுங்க எடமில்ல. நாம என்ன செய்ய முடியும் சொல்லு. நம்ம தலயெழுத்து."

ஆனந்தவள்ளி கதவு வழியே உள்ளே பார்த்தாள். சங்கரேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. காலையில் வீட்டு நடையில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள் அவள்தானே. நாளைக்குப் புருஷன் அவளிடம், ரோட்டில் ரொம்ப ஜாமா என்று கேட்பான். அவள் என்ன சொல்வாள்? ஆமாம் என்றுதான் சொல்வாள். மாமாவைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். இன்றைக்கு ஆமாம், நாளைக்கு ஆமாம், அப்படியே வாய் மூடிப் பழகிப்போகும். இருபத்தாறு வயசில் இன்னொரு ஆனந்தவள்ளி.

ஆனந்தவள்ளி போய்ப் புருஷன் கையிலிருந்து போனை வாங்கினாள். வாங்கினாள் என்று சொல்லக் கூடாது, பிடுங்கினாள்.

"ஏய்யா, அம்மா பேசுதேன்."

"எம்மா..." சுபாஷ் அழுதுகொண்டிருந்தான்.

"ரோட்டுல ஜாமு ஒண்ணும் இல்லய்யா. வண்டி கெளம்பல."

"ஏட்டி!" என்றார் தளவாய்.

"வண்டி கெளம்பல. டிராக்டர் பேட்டரிய வயல்லருந்து கழட்டிக் கொண்டாந்து எடுக்க ரொம்ப நேரம் ஆயிட்டு. குத்தாலிங்கம் ஆட்டோவக் கொண்டாந்து வாசல்லயே நிப்பாட்டுனான். ஏத்துங்கன்னான். ஒங்கப்பா வேண்டாம்னு வெரட்டிட்டாவ. நான் பக்கத்துலதான் நின்னேன். எம் மூஞ்சியத்தான் அவன் பாத்தான். ஒத்தச் சொல்லு சொல்லிருந்தா ஏத்திருப்பான். நான் சொல்லல."

தளவாய் பக்கத்தில் இருந்த பெஞ்சைக் கையால் தடவி உட்கார்ந்தார். பொத்தான் போடாத சட்டை ரெண்டு பக்கமும் விலகிக் கிடந்தது. வார்டுக்குள் சங்கரேஸ்வரி கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்தாள். சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து அப்போதுதான் அழுதாள்.

"எம்மா" என்றான் சுபாஷ். "போன அப்பாட்ட குடு."

"குடுக்கேன். அவுகட்ட கேக்க வேண்டியத நீ கேளு. மொதல்ல என்னயக் கேளுய்யா. ஏன் சொல்லலன்னு கேளு."

அவன் கேட்கவில்லை. ஆனந்தவள்ளி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் கேட்கட்டும் என்று நின்றாள்.